டீச்சரிடம் கேளுங்கள்: பூ தூவிய அம்மாக்களும் வால் மடங்கிய பூனைகளும்

எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிப் பல வருஷம் ஆகிவிட்டது, இருந்தாலும் கடித உறையில் பாதிப் பேர் பத்தாங் பெர்ஜுந்தை என்றே எழுதுகிறீர்கள். எனக்கு அது பிடித்திருக்கிறது. வீட்டு வாசலில் பார்த்த விசித்திரம் எதுவானாலும் கேளுங்கள் என்று போன மாதம் எழுதியிருந்தேன். புத்தகத்தில் படித்ததைக் கேட்பார்கள் என்று நினைத்தால், வந்த கேள்விகள் எல்லாமே தீம்பார் என்கிற தோட்டக்காட்டிலும் தொழிலாளர் லயத்திலும் சமையலறையிலும் பார்த்தவை. முப்பது வருஷம் அறிவியல் பாடம் நடத்தினேன், இப்படி ஒரு கேள்வி வகுப்பில் வந்துவிட்டால் அன்றைக்குப் பாடப்புத்தகத்தை மூடி வைத்துவிடுவேன். சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கே: என் அம்மாவுக்கு 78 வயது. செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் 'பூவுக்குப் பவுடர் அடிக்கிற வேலை' பார்த்ததாகச் சொல்கிறார். பேரப்பிள்ளைகள் நம்பாமல் சிரிக்கிறார்கள். அப்படி ஒரு வேலை இருந்ததா டீச்சர்?
— ஒரு மகள், ஜெராம்

ப: இருந்தது மா. பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து இதைச் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். என் அம்மாவும் அதே வேலை செய்தவர். ஆண் பூவை வெட்டி உலர்த்தி, உதிரும் மகரந்தத்தைச் சலித்து, டால்கம் பவுடரோடு கலந்து குப்பியில் அடைத்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பூவின் மேல் புஸ் புஸ் என்று அடிக்க வேண்டும். பெண் பூ மகரந்தத்தை ஏற்கும் பக்குவத்தில் இருப்பது இரண்டு மூன்று நாள்தான். அதனால் எந்த மரத்தில் எது எப்போது விரியும் என்பதை அந்தப் பெண்கள் கண்ணாலேயே கணக்கு வைத்திருப்பார்கள், மண்டோர் (மேற்பார்வையாளர்) நோட்டுப் புத்தகத்தில் எழுதுவதற்கு முன்னால் அம்மாவிடம்தான் கேட்பார். முள் கிழித்த கையும் வெள்ளை படிந்த இமையுமாக அவர் வந்து நிற்பது இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அந்த வேலை ஏன் தேவைப்பட்டது என்பதுதான் பெரிய கதை. செம்பனை மேற்கு ஆப்பிரிக்க மரம். 1848-இல் ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்துக்கு நான்கே நான்கு கன்றுகள் வந்தன, இந்தப் பக்கத்துத் தோட்டங்களில் முதலில் பரவியதெல்லாம் பெரும்பாலும் அந்த நான்கின் வம்சம். மலாயாவில் வியாபாரத்துக்கென்று முதன்முதலில் நட்டது 1917-இல், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர், எங்கே என்று கேளுங்கள், இதோ எங்கள் ஊர்ப் பக்கம் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில். (பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. சின்ன வயதில் எனக்கு அது தீராத குழப்பம்.) மரம் கடல் தாண்டி வந்தது, ஆனால் ஆப்பிரிக்காவில் அதன் பூவோடு கூடவே வாழ்ந்த பூச்சி வரவில்லை. செம்பனையில் ஆண் பூங்கொத்தும் பெண் பூங்கொத்தும் ஒரே மரத்தில்தான் வரும், ஆனால் வெவ்வேறு காலத்தில் வரும், ஆகவே மகரந்தம் பக்கத்து மரத்திலிருந்து வந்தாக வேண்டும். காற்றே கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்று பெரிய பெரிய நிபுணர்களெல்லாம் பல காலம் நம்பினார்கள். குலை சரியாக நிறையவில்லை. அதனால்தான் உங்கள் அம்மாவும் என் அம்மாவும் குப்பியைத் தூக்கினார்கள். அதாவது ஒரு பூச்சி செய்ய வேண்டிய வேலையை நம் அம்மாக்கள் செய்தார்கள்.

லெஸ்லி டேவிட்சன் என்ற தோட்ட அதிகாரி முன்பு கேமரூனில் வேலை பார்த்தவர். அங்கே செம்பனைப் பூவில் வண்டுகள் மொய்ப்பதையும் யாரும் பவுடர் அடிக்காமலே குலை நிறைவதையும் பார்த்திருந்தார், இது பூச்சியின் வேலைதான் என்று விடாமல் சொன்னார். ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் கேமரூனுக்குப் போய் ஆராய்ந்து, ஒரு சின்ன மூக்கு வண்டுதான் முக்கியமான ஆள் என்று கண்டுபிடித்தார். அரிசியில் பார்ப்போமே மூக்கு நீண்ட வண்டு, அதன் தூரத்து உறவு. வேறு பயிரைத் தின்னுமா என்று சோதித்துப் பார்த்துவிட்டு 1981-இல் ஜொகூரில் அதை விட்டார்கள். கொஞ்ச காலத்திலேயே தீபகற்பம் முழுக்கப் பரவிவிட்டது, குப்பி பிடித்த கைகளுக்கு வேலை இல்லாமல் போனது. என் அம்மா உதிர்ந்த பழம் பொறுக்கப் போனார்.

இனி பிள்ளைகளுக்குப் பிடிக்கும் பகுதி. விரிந்த ஆண் பூவை முகர்ந்து பாருங்கள், சோம்பு வாசனை அடிக்கும். வண்டுக்கு அந்த வாசனைதான் அழைப்பு, அது ஆண் பூவில் தின்று, அங்கேயே முட்டையிட்டு, குஞ்சும் பொரித்துக்கொள்ளும். பெண் பூவில் வண்டுக்கு எந்த லாபமும் கிடையாது. ஆனால் பெண் பூவும் அதே வாசனையைக் கொஞ்சம் விடுகிறது! ஆண் பூ என்று ஏமாந்து வண்டு வந்து இறங்க, உடம்பில் ஒட்டியிருந்த மகரந்தம் அங்கே உதிர்கிறது. யாரும் உட்கார்ந்து யோசித்துச் செய்த தந்திரம் இல்லை இது. வாசனை கொஞ்சம் ஒத்துப்போன பெண் பூவுக்கு விதை அதிகம் கிடைத்தது, அந்த விதைகள் அடுத்த தலைமுறையானது, இப்படியே எண்ண முடியாத தலைமுறைகள். உங்கள் அம்மாவின் கையை என் சார்பில் ஒரு தடவை பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: நான் செம்பனை நாற்றங்காலில் வேலை செய்கிறேன். அங்கே ஒரு பெரியவர், பழைய திசு வளர்ப்பு மரங்களைப் பற்றிப் பேசும்போது "அதுக்குக் கர்மா சரியில்லை" என்றார். கிண்டலா, நிஜமா?
— ஒரு தம்பி, பத்து ஆராங்

ப: நிஜம் தம்பி, அறிவியல் பெயரே அதுதான்!

நல்ல விளைச்சல் தரும் ஒரு மரத்தின் திசுவை எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தால் அதே மரத்தின் நகல்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்க வேண்டும். நட்டார்கள், வளர்த்தார்கள். பூத்துக் காய்த்த பிறகு பார்த்தால் சில நகல்களில் பழம் விகாரமாக, சுற்றிலும் கூடுதல் சதை இதழ்கள் முளைத்துப் போர்வை போர்த்திய மாதிரி இருந்தது, எண்ணெய் சரியாகக் கிடைக்கவில்லை, பல குலைகள் முதிராமலே போயின. மரபணு எழுத்துகளைத் தாய் மரத்தோடு ஒப்பிட்டால் எந்த வித்தியாசமும் இல்லை. எழுத்து ஒன்றுதான், பழம் மட்டும் வேறு. பல வருஷம் யாருக்கும் பிடிபடவில்லை.

2015-இல் மலேசியச் செம்பனை வாரியத்தின் ஆய்வாளர்கள் வெளிநாட்டுக் குழுவோடு சேர்ந்து விடை சொன்னார்கள். பூவின் உறுப்புகளை அமைக்கும் ஒரு மரபணுவுக்கு நடுவே, என்றோ வந்து ஒட்டிக்கொண்ட ஓர் அந்நியத் துண்டு இருக்கிறது. இப்படி இடம் விட்டு இடம் தாவும் துண்டுகள் ஏறக்குறைய எல்லா உயிரிலும் உண்டு, நம் உடம்பிலும் ஏராளம். இந்தத் துண்டு சேர்ந்த குடும்பத்துக்குப் பெயர் கர்மா. சாதாரண மரத்தில் அதன் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் பூட்டு மாதிரி உட்கார்ந்திருக்கும், படிக்காதே, தாண்டிப் போ என்று. திசு வளர்ப்பின்போது சில கன்றுகளில் அந்தப் பூட்டு கழன்றுவிடுகிறது. அப்புறம் மரபணுவைத் தப்பாகப் படித்து, ஆண் உறுப்பாக ஒடுங்கியிருக்க வேண்டியது சூலிதழாகிவிடுகிறது, அதுதான் நீங்கள் கேள்விப்பட்ட போர்வைப் பழம். பூட்டு இருப்பது 'நல்ல கர்மா', கழன்றது 'கெட்ட கர்மா' என்று அவர்களே கட்டுரையில் பெயர் வைத்தார்கள். முன்பு மரம் காய்க்கும்வரை காத்திருந்தால்தான் குறை தெரியும், இப்போது இலையில் ஒரு துண்டு எடுத்துச் சோதித்தால் கன்றிலேயே தெரிந்துவிடும். அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள், அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

கே: எனக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நல்ல கறுப்பு, சுருட்டை முடி. சின்னவள் சிவப்பு, நேர் முடி. ஒரே அப்பா அம்மாவுக்கு எப்படி இவ்வளவு வித்தியாசம்? கல்யாணம், தீபாவளி என்று எங்கே போனாலும் மூத்தவள் காதுபட யாராவது ஏதாவது சொல்லிவிடுகிறார்கள்.
— ஒரு தாய், ஈஜோக்

ப: கடைசி வரியைப் படித்துவிட்டு எனக்கு ஒரு நாள் முழுக்க மனசு சரியில்லை. மூத்தவளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்களிடம் மரபணுக்களைச் சுமக்கும் 23 ஜோடி குரோமோசோம்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று உங்கள் அம்மா கொடுத்தது, ஒன்று உங்கள் அப்பா கொடுத்தது. உங்கள் பிள்ளைக்கு நீங்கள் ஜோடிக்கு ஒன்றுதான் கொடுக்க முடியும், எது போகும் என்பது காசைச் சுண்டிவிடுகிற மாதிரி. 23 தடவை சுண்டினால் 83 லட்சத்து 88 ஆயிரத்து 608 விதமாக விழலாம். உங்கள் கணவர் பக்கமும் அதே கணக்கு. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 70 லட்சம் கோடி. போதாததற்கு, ஜோடிகள் பிரிவதற்கு முன்னால் ஒன்றோடொன்று துண்டுகளை மாற்றிக்கொள்ளவும் செய்கின்றன. இவ்வளவு கலைத்துப் போட்ட பிறகு இரண்டு பெண்களும் ஒரே மாதிரி வந்திருந்தால்தான் நான் ஆச்சரியப்படுவேன்.

நிறத்தைத் தீர்மானிப்பது ஒரு மரபணு இல்லை, நிறைய. அவற்றில் ஒன்றைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். மீன் கடைக் கண்ணாடித் தொட்டியில் நீலக் கறுப்புக் கோடு போட்ட சின்ன வரிக்குதிரை மீன் இருக்குமே, இந்தியா, வங்காளதேச ஆறுகள்தான் அதன் ஊர். அதில் கோடு வெளிறிப் பொன்னிறமான ஒரு வகையை ஆராய்ந்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2005-இல் அதற்குக் காரணமான மரபணுவைப் பிடித்தார்கள். அதே மரபணு மனிதனிலும் இருந்தது. மனிதனின் மரபணுச் செய்தியைப் பொன்னிற மீனின் கருவுக்குள் செலுத்தினார்கள், மீனுக்கு மறுபடி கறுப்புப் பிடித்தது! நாமும் அந்த மீனும் பிரிந்து 40 கோடி வருஷத்துக்கும் மேலே ஆகியும் ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரிகிறது. இதே மரபணுவில் ஓர் எழுத்து மாறிய வடிவம் ஐரோப்பியர்கள் ஏறக்குறைய எல்லோரிடமும் உண்டு, நம்மிடையே சிலருக்கு இரண்டு பிரதி, சிலருக்கு ஒன்று, சிலருக்கு இல்லை. உங்கள் சின்னவளுக்கு அந்த மாதிரி வெளிர் வடிவங்கள் கூடுதலாகப் போயிருக்கும், மூத்தவளுக்கு மெலனின் என்ற கருநிறமியை நிறைய தரும் வடிவங்கள்.

அந்த மெலனின் சும்மா இல்லை மா. வெயிலின் புற ஊதாக் கதிர் ரத்தத்திலுள்ள ஃபோலேட் என்ற சத்தைச் சிதைக்கும், வயிற்றில் பிள்ளை வளர அந்தச் சத்து வேண்டும். கொளுத்தும் வெயிலில் வாழ்ந்த நம் மூதாதையர்களுக்குத் தோலே குடையாக இருந்தது. நிழலில்லாத தீம்பாரில் நம் பாட்டிமார்கள் நின்றதும் அந்தக் குடையின் கீழேதான். அடுத்த தீபாவளிக்கு யாராவது வாயைத் திறந்தால் மூத்தவளே இதைச் சொல்லட்டும், இந்தப் பக்கத்தை வெட்டி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கே: பிறந்த பையனுக்கு ஜி6பிடி குறைபாடு என்று மருத்துவமனையில் அட்டை கொடுத்தார்கள். "எங்கள் பக்கம் யாருக்கும் இல்லை, உன் மனைவி பக்கம்தான்" என்று என் அம்மா பேசிக்கொண்டே இருக்கிறார். இது யார் கொடுத்தது டீச்சர்?
— ஒரு தகப்பன், தஞ்சோங் காராங்

ப: ஜி6பிடி என்பது ரத்தச் சிவப்பணுவைச் சிதையாமல் காக்கும் ஒரு நொதி, அது குறைவு என்றுதான் அட்டை சொல்கிறது. முதலில் அட்டையைப் பத்திரமாக வையுங்கள் தம்பி, எந்த கிளினிக்குக்குப் போனாலும் மருந்து எழுதுவதற்கு முன்னால் காட்டுங்கள். துணி அலமாரியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் இருந்தால் இன்றைக்கே நிறுத்துங்கள், அகன்ற அவரை (ஃபாவா பீன்ஸ்) வேண்டாம், நாட்டு மருந்து எதையும் மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்காதீர்கள். கண், தோல் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பிள்ளை சோர்ந்து வெளிறிப்போனாலோ உடனே ஓடுங்கள். இதெல்லாம் பார்த்துக்கொண்டால் பெரும்பாலான பிள்ளைகள் மற்றவர்களைப் போலவே வளர்கிறார்கள், பள்ளியில் என்னிடம் படித்தவர்களிலேயே சிலர் இருந்தார்கள். 1980களிலிருந்து நம் நாட்டில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். அது எவ்வளவு உயிரைக் காப்பாற்றியிருக்கும் என்று நினைத்தால் நன்றியாக இருக்கிறது.

யார் கொடுத்தது என்றால், இந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பையனுக்கு ஒரே ஒரு எக்ஸ், அது அம்மாவிடமிருந்துதான் வரும். கணக்குப்படி உங்கள் மனைவி வழி, சரி. ஆனால் அவருக்கு இரண்டு எக்ஸ் இருக்கிறதே, ஒன்று குறைந்தாலும் மற்றது பெரும்பாலும் ஈடுகொடுத்துவிடும், அவருக்கே தெரிந்திருக்காது. இன்னொன்றையும் உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள். இந்தக் குறை உலகத்தில் எங்கெல்லாம் அதிகம் என்று பார்த்தால் பெரும்பாலும் மலேரியா ஆட்டிப்படைத்த நாடுகள்தான். இந்த மாதிரி சிவப்பணுவுக்குள் மலேரியாக் கிருமி வசதியாகப் பெருக முடிவதில்லை. மலாயாத் தோட்டங்களில் காடு வெட்டிய நம் ஆட்கள் காய்ச்சலில் கொத்துக் கொத்தாகச் செத்த காலம் உண்டு, 1901-இல் கிள்ளானில் மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டி நோயைக் குறைத்துக் காட்டும்வரை தோட்டங்களுக்கு வழி தெரியவில்லை. அப்படிப்பட்ட காய்ச்சலைத் தாண்டி வந்த யாரோ ஒரு பாட்டியின் ரத்தம்தான் உங்கள் பையனிடம் இருக்கிறது. மருமகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமே இல்லை.

கே: எங்கள் கோப்பிக் கடையைச் சுற்றும் பூனைகளுக்கெல்லாம் வால் குட்டை, அல்லது நுனி மடங்கியிருக்கிறது. கதவில் சிக்கியது என்கிறார் அப்பா. எல்லாப் பூனையுமா கதவில் சிக்கும்? அப்புறம், மூன்று நிறப் பூனை ஏன் எப்போதும் பெண்ணாகவே இருக்கிறது?
— கடைக்காரரின் மகள், கோல சிலாங்கூர்

ப: அப்பாவை விட்டுக்கொடுக்க மனமில்லை, ஆனால் நீ கேட்டதுதான் சரியான கேள்வி. மலாய்த் தீவுகள், சயாம், பர்மா வட்டாரப் பூனைகளுக்கு வால் பாதி அளவுதான், நுனியில் முடிச்சும் இருக்கும் என்று டார்வினே 1868-இல் எழுதி வைத்திருக்கிறார். அவர் இங்கே வந்ததில்லை, வந்தவர்கள் சொல்லிக் கேட்டது.

கருவில் முதுகெலும்பு ஒரேயடியாக உருவாவதில்லை, கணு கணுவாகத் தாளம் தப்பாமல் பிரியும். தவிலுக்குக் கை வைத்த மாதிரி அந்தத் தாளத்தைப் போடும் மரபணுக்களில் எச்.இ.எஸ்.7 என்பதும் ஒன்று. ஆசியக் குட்டை வால் பூனைகளில் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பதை 2016-இல் கண்டுபிடித்தார்கள். தாளம் கொஞ்சம் பிசகினால் வால் கணுக்கள் குறைகின்றன, ஒட்டிக்கொள்கின்றன, வளைகின்றன. இதனால் பூனைக்கு என்ன லாபம் என்று கேட்காதே, லாபம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. கப்பலேறி இந்தப் பக்கம் வந்த கொஞ்சம் பூனைகளில் சிலவற்றுக்கு அது இருந்திருக்கும், எலி பிடிக்க அது இடைஞ்சலாக இல்லை, அப்படியே பெருகிவிட்டன. பரிணாமத்தில் பாதி இப்படித் தற்செயலாக நடப்பது, இதை நான் வகுப்பில் எப்போதும் அழுத்திச் சொல்வேன்.

மூன்று நிறத்துக்கு, மேலே தஞ்சோங் காராங் தம்பிக்குச் சொன்ன அதே எக்ஸ்தான் காரணம். செம்மஞ்சள் நிறத்துக்கான மாற்றம் பூனையின் எக்ஸில் இருக்கிறது, எந்த மரபணு என்று ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இரண்டு குழுக்கள் 2025-இல்தான் வெளியிட்டன. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு, ஆனால் ஒவ்வொரு செல்லும் வளரும்போது ஏதோ ஒன்றை மூடி வைத்துவிடும். செம்மஞ்சள் எக்ஸ் திறந்திருக்கும் இடத்தில் செம்மஞ்சள் திட்டு, மற்றது திறந்திருக்கும் இடத்தில் கறுப்புத் திட்டு. வெள்ளை வேறொரு மரபணுவின் வேலை. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால் செம்மஞ்சளோ கறுப்போ ஏதாவது ஒன்றுதான். எக்ஸ் எக்ஸ் ஒய் என்று மூன்றாகப் பிறக்கும் ஆண் பூனை மூன்று நிறத்தில் இருக்கலாம், அபூர்வம். எங்கேயாவது பார்த்தால் எனக்குப் படம் அனுப்பு.

கே: குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால் இன்னும் ஏன் குரங்கு இருக்கிறது? அதோடு, இதெல்லாம் வெள்ளைக்காரர்கள் அவர்கள் நாட்டில் உட்கார்ந்து யோசித்ததுதானே?
— படிவம் நான்கு மாணவன், புக்கிட் ரோத்தான்

ப: உன் கொள்ளுத்தாத்தா சேலம் பக்கத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தார் என்று வைத்துக்கொள். அவருடைய அண்ணன் ஊரிலேயே இருந்துவிட்டார். இன்றைக்கு சேலத்தில் அந்த அண்ணனின் கொள்ளுப்பேரன் ஒருவன் இருக்கிறான், இங்கே நீ இருக்கிறாய். நீ அவனிலிருந்தா வந்தாய்? இல்லையே, இரண்டு பேரும் ஒரே பெரியவரின் வம்சம். சிம்பன்சிக்கும் நமக்கும் பொதுவான அந்தப் பெரியவர் ஏறக்குறைய 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன்னால், உங்கள் வீட்டுக் கூரையில் குதிக்கும் குரங்குக்கும் நமக்கும் ஏறக்குறைய இரண்டரைக் கோடி வருஷத்துக்கு முன்னால். நீ இருப்பதால் சேலத்துக்காரன் ஏன் இல்லாமல் போக வேண்டும்?

புக்கிட் மெலாவத்திக்குப் போனால் சாம்பல் நிற லோத்தோங் குரங்கின் மடியில் பளீரென்ற ஆரஞ்சு நிறக் குட்டியைப் பார்க்கலாம், சில மாதத்தில்தான் சாம்பலாகும். மற்ற பெண் குரங்குகளும் அதைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அந்த நிறமே சித்தி பெரியம்மாக்களை இழுப்பதற்குத்தானோ என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். நம் வீட்டுக் கைக்குழந்தை கை மாறிக் கை மாறிப் போவதை எனக்கு அது ஞாபகப்படுத்தும்.

இரண்டாவது கேள்விக்கு: ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் 1854-இல் இந்தப் பக்கம் வந்தார், மலாக்காவிலும் குனோங் லேடாங்கிலும் பூச்சி சேகரித்தார். 1855-இல் சரவாக்கின் சந்துபோங்கில் மழையில் அடைபட்டு உட்கார்ந்து, ஒவ்வோர் உயிரினமும் அதற்கு நெருங்கிய இன்னோர் உயிரினத்தை ஒட்டியே தோன்றுகிறது என்று எழுதினார். 1858-இல் தீவுகளில் காய்ச்சலில் கிடந்தபோது இயற்கைத் தேர்வு அவருக்குப் பிடிபட்டது, டார்வினுக்கு எழுதி அனுப்பினார், அந்த வருஷம் ஜூலை 1-ஆம் தேதி இரண்டு பேர் எழுத்தும் லண்டனில் ஒன்றாகப் படிக்கப்பட்டது. பறவைகளைப் பிடித்துப் பாடம் செய்து உதவியது அலி என்ற சரவாக் மலாய் இளைஞர். இந்த யோசனையின் பாதி இந்த வட்டார மழையிலும் காய்ச்சலிலும் பிறந்தது தம்பி.

கே: 40 வருஷம் பால் வெட்டியவன் நான். கோப்பெங் பக்கம் பேரப்பிள்ளைகளோடு ரஃப்ளேசியா பூ பார்க்கப் போனபோது, அதற்கும் கித்தா (ரப்பர்) மரத்துக்கும் சொந்தம் என்றார் வழிகாட்டி. நம்ப முடியவில்லை.
— ஓய்வுபெற்ற தொழிலாளி, ரவாங்

ப: வணக்கம் ஐயா. கித்தாப் பூ உங்களுக்குத் தெரியும், இதழே இல்லாத மஞ்சள் துணுக்கு, பூத்ததே பல பேருக்குத் தெரியாது. ரஃப்ளேசியாவோ சுமத்திராவில் ஒரு மீட்டர் வரைக்கும் விரிகிறது, உலகத்திலேயே பெரிய ஒற்றைப் பூ. இலை, தண்டு, வேர் ஒன்றும் கிடையாது, ஒரு காட்டுக் கொடிக்குள் நூல் நூலாக ஒளிந்து வாழ்ந்து, பல மாதம் மொட்டாக இருந்து, ஐந்தாறு நாள் விரிந்து, அழுகிய இறைச்சி நாற்றத்தில் ஈயைக் கூப்பிட்டுவிட்டுச் சாகிறது. அந்தக் கொடி நம் பிரண்டையின் குடும்பம், திராட்சையின் குடும்பம்.

இதற்கு யார் சொந்தம் என்று ரொம்ப நாள் தெரியாமல்தான் இருந்தது. மரபணுவைப் படித்தால் சில துண்டுகள் பிரண்டைக் குடும்பத்தைக் காட்டின, குழப்பம் கூடிவிட்டது. அப்புறம்தான் தெரிந்தது, ஒட்டி வாழ்ந்த கொடியிடமிருந்து அது சாப்பாட்டை மட்டும் இல்லாமல் மரபணுவையும் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று. அவற்றைப் பிரித்து வைத்துவிட்டுப் பார்த்தபோது, 2007-இல் வெளிவந்த ஆய்வில், ரஃப்ளேசியா வந்தது ஆமணக்கு, மரவள்ளி, கித்தா இருக்கும் குடும்பத்தின் கிளையிலிருந்து என்று தெளிவானது. அந்தப் பாதையில் பூவின் அளவு ஏறக்குறைய 79 மடங்கு பெருத்திருக்கிறது. ஆமணக்குக்கும் கித்தாவுக்கும் உறவு உங்கள் கைக்கே தெரியும், இரண்டு காயும் மூன்றாகப் பிளந்து கொட்டையைத் தெறிக்கவிடும். கித்தாக் கொட்டையைத் தரையில் தேய்த்துப் பக்கத்துப் பிள்ளையின் தொடையில் சூடு வைத்து அடி வாங்காதவர் லயத்தில் யார் இருக்கிறார்கள்?

கித்தாவைப் பற்றி இன்னொன்று. 1876-இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை கொஞ்சம். அவற்றின் வழியில் 1877-இல் சிங்கப்பூருக்கு வந்த 22 கன்றுகளில் ஒன்பது கோல கங்சாரில் ஊன்றப்பட்டன, அதில் ஒரு கிழவர் இன்னும் அங்கே நிற்கிறார், வேலி போட்டு வைத்திருக்கிறார்கள். நீங்கள் வெட்டிய மரங்கள் பெரும்பாலும் அந்தச் சின்னக் கூட்டத்தின் வாரிசுகள், அதிலும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்ற ரகம் மாதிரி ஒட்டுக்கட்டியவை என்றால் நிரை முழுக்க ஒரே மரத்தின் நகல். பிரேசிலில் ஹென்றி ஃபோர்டு 1928-இல் தொடங்கிய பெரிய ரப்பர் தோட்டத்தை அமேசான் இலைக்கருகல் நோய் அழித்தது, ஒரே பயிரை நெருக்கி நட்ட இடத்தில் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அந்தப் பூஞ்சை இன்னும் ஆசியாவுக்கு வரவில்லை. வந்தால் தாக்குப்பிடிக்கக்கூடிய மரம் நம் ஒன்பதின் வம்சத்தில் இருக்குமா என்பதுதான் என் கவலை. ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்ப அமேசானுக்குப் போய்க் காட்டு வகைகளை எடுத்து வந்து சேர்ப்பதற்கு இதுவும் காரணம் ஐயா.

கே: மங்குஸ்தின் பழத்துக்குள் எத்தனை சுளை இருக்கும் என்று என் தாத்தா உரிக்காமலே சொல்கிறார். எப்படி?
— நான்காம் ஆண்டு மாணவி, பத்தாங் பெர்ஜுந்தை

ப: பழத்தைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார் கண்ணு, சின்னப் பூ மாதிரி ஒரு முத்திரை இருக்கும். அது பூவின் சூல்முடி காய்ந்து ஒட்டியது. அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. நிறைய சுளை இருந்தால் சுளை சின்னது, விதையும் குறைவாக இருக்கும், அதனால் தாத்தா எண்ணி எண்ணித்தான் வாங்குவார்.

அவரிடம் நீ கேட்க ஒரு கேள்வி தருகிறேன்: மங்குஸ்தினில் ஆண் மரம் எங்கே? ஏறக்குறைய யாரும் பார்த்ததில்லை. மகரந்தம் சேராமலே, அம்மா மரத்தின் திசுவிலிருந்தே விதை உண்டாகிவிடுகிறது. நீ துப்பும் விதை அந்த அம்மாவேதான், இன்னொரு தடவை. தாத்தா வாங்கி வந்த பழம் ரொம்ப இனிப்பாக இருந்தால் விதையைக் காயவிடாதே, காய்ந்தால் செத்துவிடும். ஈரம் இருக்கும்போதே நட்டு, நிழலில் வைத்து, தினமும் தண்ணீர் ஊற்று. காய்க்கப் பத்து வருஷம் போல ஆகும், உனக்கு அப்போது இருபது வயது. முதல் பழம் தாத்தாவுக்கு, இரண்டாவது எனக்கு.